வயிற்று டிபி: கண்டுபிடிப்பது பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

குடல் நோய்ப் பிரிவில் வேலை பார்ப்பவர்களிடம் வயிற்று டிபி பற்றி வருகிற கேள்விகள் பெரும்பாலும் ஒன்றேதான், கேட்கிற ஆள்தான் மாறுவார். நோயாளிகள், கூட வருகிற வீட்டார், பயிற்சிக்கு வரும் ஹவுஸ் சர்ஜன்கள் ஆகியோர் கேட்டவற்றை அவர்கள் கேட்டபடியே எழுதி, கீழே பதில் கொடுத்திருக்கிறேன். முதலில் எளியவை, போகப் போகச் சிக்கலானவை. இதைப் படித்துவிட்டு யாரும் தாமாக மருந்தை ஆரம்பிக்கவோ நிறுத்தவோ வேண்டாம். டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும் என்று தெரிந்துகொள்ளத்தான் இந்தப் பக்கம்.

1. "சளி, இருமல் எதுவுமே இல்ல. எனக்கு எப்படி டாக்டர் டிபி இருக்கும்?"

இருக்கலாம். டிபி கிருமி நுரையீரலோடு நிற்பதில்லை. கழுத்து நெறிக்கட்டி, முதுகெலும்பு, மூளை உறை, வயிறு என்று உடம்பில் பல இடங்களில் தங்கும். வயிற்றுக்குள் குடல், குடலை மூடியிருக்கும் சவ்வு, நெறிக்கட்டிகள், கல்லீரல், மண்ணீரல் என எதையும் அது பிடிக்கலாம். ஒருவருக்கே இரண்டு மூன்று இடத்திலும் இருக்கலாம்.

வயிற்று டிபி உள்ளவர்களில் பெரும்பாலோருக்கு நெஞ்சு எக்ஸ்ரே சுத்தமாகவே இருக்கும். "எக்ஸ்ரே நல்லாருக்கு, சளியிலயும் கிருமி இல்ல, அதனால டிபி கிடையாது" என்று சொல்லித் திருப்பி அனுப்பப்பட்டு, பல மாதம் அல்சர் மாத்திரை சாப்பிட்டுவிட்டு வருகிறவர்களை இன்றும் பார்க்கிறோம். அதே சமயம் எக்ஸ்ரே எடுக்காமலும் விடக்கூடாது. நெஞ்சிலும் நோய் இருந்தால் சளியிலேயே கிருமி கிடைத்துவிடும், வேலை சுலபம்.

2. "அது வயித்துக்குள்ள எப்படிப் போச்சு? பால் குடிச்சதாலயா?"

காய்ச்சாத பால் மூலம் வருகிற மாட்டு டிபி என்று ஒன்று உண்டு. ஆனால் பாலைப் பொங்கக் காய்ச்சிக் குடிக்கிற நம் வீடுகளில் அது முக்கியக் காரணம் இல்லை. நுரையீரலில் எப்போதோ தங்கிய கிருமி ரத்தம் வழியாக வயிற்றுக்கு வருவது, கிருமி உள்ள சளியை விழுங்குவது, பக்கத்து நெறிக்கட்டியிலிருந்தோ கருக்குழாயிலிருந்தோ பரவுவது, இவைதான் வழக்கமான வழிகள். குடலில் அது அதிகம் பிடிக்கும் இடம் வலது அடிவயிற்றில், சிறுகுடல் முடிந்து பெருங்குடல் தொடங்கும் பகுதி. உணவு அங்கே கொஞ்ச நேரம் தேங்கும், கிருமி விரும்பித் தங்கும் நிணநீர்த் திசுவும் அங்கே நிறைய இருக்கும்.

3. "வீட்ல சின்னக் குழந்தை இருக்கு. ஒட்டிக்குமா?"

வயிற்றில் மட்டும் இருக்கும் டிபி கூட உட்கார்ந்து சாப்பிடுவதாலோ, ஒரே தட்டு டம்ளரைப் பயன்படுத்துவதாலோ பரவாது. தனித் தட்டும் வேண்டாம், தனி அறையும் வேண்டாம். நெஞ்சிலும் இருந்தால் கதை வேறு. அதனால்தான் முதல் பதிலில் எக்ஸ்ரேயை விடக்கூடாது என்றேன்.

4. "எனக்கு வெறும் வயித்து வலிதான். எப்ப டிபின்னு சந்தேகப்படணும்?"

வலி மட்டும் என்றால் ஆயிரம் காரணம் இருக்கும். வாரக்கணக்கில் வலி, கூடவே எடை குறைவு, சாயங்காலம் லேசான காய்ச்சல், ராத்திரி வேர்வை, பசியின்மை என்று சேர்ந்து வந்தால் யோசிக்க வேண்டும். எடை குறைந்ததா என்று கேட்டால் பலர் இல்லை என்பார்கள். பெல்ட்டைப் பார்த்தால் கத்தியால் குத்திய புது ஓட்டை ஒன்று இருக்கும், பெண்களாக இருந்தால் ஜாக்கெட்டை இரண்டு தடவை பிடித்துத் தைத்திருப்பார்கள்.

குடல் சுருங்கியிருந்தால் வலிக்கு ஒரு தனி நடை உண்டு. சாப்பிட்டு அரை மணி, ஒரு மணி நேரத்தில் தொப்புளைச் சுற்றி முறுக்கிப் பிடிக்கும், உள்ளே ஒரு உருண்டை திரண்டு நகர்வது கைக்கே தட்டுப்படும், பக்கத்தில் இருப்பவருக்குக் கேட்கிற அளவுக்குக் கடமுடா சத்தம் வரும், அப்புறம் காற்றுப் பிரிந்ததும் சட்டென்று விட்டுவிடும். இதை "கேஸ் டிரபிள்" என்று ஒரே வார்த்தையில் முடித்துக்கொள்ளாதீர்கள். சாப்பிட்டு எவ்வளவு நேரத்தில், எந்த இடத்தில், எப்படி விடுகிறது என்று அப்படியே டாக்டரிடம் சொல்லுங்கள். ஸ்கேனுக்கு முன்பே இந்த விவரம் பாதி வழியைக் காட்டிவிடும். சிலருக்கு வலியே இருக்காது, வயிறு மட்டும் மெல்ல உப்பி நீர் கோர்க்கும். சிலருக்கு விடாத வயிற்றுப்போக்கு.

சர்க்கரை நோய், எச்ஐவி, டயாலிசிஸ், ஸ்டீராய்டு போன்ற எதிர்ப்பு சக்தியைக் குறைக்கும் மருந்துகள், வீட்டில் யாருக்காவது டிபி வந்திருப்பது, இவற்றில் ஏதாவது இருந்தால் சந்தேகத்தை இன்னும் கூட்டிக்கொள்ள வேண்டும்.

5. "ஒரே ஒரு ரத்த டெஸ்ட்ல தெரிஞ்சுக்க முடியாதா?"

முடியாது. ரத்தத்தில் டிபி ஆன்டிபாடி பார்க்கும் டெஸ்டுகள் ஒரு காலத்தில் லேப்களில் சக்கைப்போடு போட்டன. நோய் இல்லாதவருக்கு இருக்கிறது என்றும், இருப்பவருக்கு இல்லை என்றும் காட்டியதால் 2011-இல் உலக சுகாதார நிறுவனம் அவற்றை வேண்டாம் என்றது, 2012-இல் இந்திய அரசு தடையே போட்டது. இப்போதும் யாராவது எழுதிக் கொடுத்தால் மறுத்துவிடலாம்.

கையில் ஊசி போட்டுத் தடிப்பை அளக்கும் மான்டூ டெஸ்டும், இக்ரா என்கிற ரத்தப் பரிசோதனையும் கிருமி எப்போதாவது உடம்புக்குள் வந்திருக்கிறதா என்று மட்டுமே சொல்லும். நம் நாட்டில் பெரியவர்களில் ஏராளமானவர்களுக்குக் கிருமி உள்ளே தூங்கிக்கொண்டிருக்கும், அவர்களில் பெரும்பாலோருக்கு நோய் வருவதே இல்லை. அதனால் பாசிட்டிவ் வந்தால் வயிற்று வலிக்குக் காரணம் அதுதான் என்று சொல்ல முடியாது. எதிர்ப்பு சக்தி குறைந்தவருக்கு நோய் இருந்தும் நெகட்டிவ் வரலாம். ஈஎஸ்ஆர் என்கிற ரத்த அளவு உயர்ந்திருப்பது ஏதோ அழற்சி இருக்கிறது என்பதைத் தாண்டி எதையும் சொல்லாது.

வயிற்று டிபியை உறுதி செய்ய வேண்டுமானால் நோய் இருக்கும் இடத்திலிருந்து நீரோ திசுவோ எடுத்தே ஆக வேண்டும். மீதிக் கேள்விகள் எல்லாம் இதைச் சுற்றித்தான்.

6. "பையனுக்கு வயித்து வலின்னு ஸ்கேன் எடுத்தோம், நெறிக்கட்டி இருக்குன்னு போட்டிருக்கு. டிபி மருந்து ஆரம்பிக்கச் சொல்றாங்க."

இந்தக் கேள்வி வரும்போதெல்லாம் கவலையாக இருக்கிறது. குழந்தைகளுக்கு வயிற்றில் சின்னச் சின்ன நெறிக்கட்டிகள் ஸ்கேனில் தெரிவது மிகச் சாதாரணம். ஒரு வைரஸ் காய்ச்சல் போதும், வயிற்றுப்போக்கு போதும். ஒரு சென்டிமீட்டருக்குள், தனித்தனியாக, நடுவில் அழுகல் இல்லாமல் இருந்து, பையன் நன்றாகச் சாப்பிட்டு ஓடியாடி எடையும் ஏறிக்கொண்டிருந்தால், அந்த ஒரு வரியை வைத்து ஆறு மாத மருந்தை ஆரம்பிக்கக் கூடாது. சில வாரம் பொறுத்து மறுபடி பார்த்தால் போதும்.

பெரிதாக, ஒன்றோடொன்று ஒட்டிக் கொத்தாக, நடுப்பகுதி அழுகி இருப்பவை, கூடவே குடல் சுவர் தடித்தோ நீர் கோர்த்தோ இருப்பது, குழந்தை இளைப்பது, வீட்டில் யாருக்காவது டிபி, இவை இருந்தால் நிச்சயமாக மேலே போய்ப் பார்க்க வேண்டும். சிடி ஸ்கேனில் இந்த அழுகல் தெளிவாகத் தெரியும். அப்போதும் ஸ்கேன் சந்தேகத்தை வலுவாக்குமே தவிர, முடிவாகச் சொல்லாது. லிம்போமா என்ற நெறிக்கட்டிப் புற்றுநோயும் ஏறக்குறைய இதே உருவில் வரும்.

7. "வயித்துத் தண்ணிய ஊசி போட்டு எடுக்கணும்கிறாங்க. ஒரு தடவை எடுத்தா ஊறிக்கிட்டே இருக்குமாமே?"

எடுத்ததால் ஊறாது. நோய் இருக்கும் வரை ஊறும், நோய் சரியானால் நிற்கும். ஊசி போடாமல் தள்ளிப்போடும் நாள்கள்தான் நஷ்டம். நீர் கோர்த்திருப்பவருக்கு அந்த நீரைவிடச் சுலபமாகக் கிடைக்கும் தடயம் வேறில்லை. படுக்கையிலேயே, மரத்துப்போக ஊசி போட்டுவிட்டு, சில நிமிடத்தில் எடுத்துவிடலாம்.

அதில் முக்கியமாக நான்கு விஷயம் பார்ப்போம். முதலில் அணுக்கள். டிபி என்றால் பெரும்பாலும் லிம்போசைட் என்ற வெள்ளை அணு வகை கூடியிருக்கும். அடுத்து புரதம், அது டெசிலிட்டருக்கு 2.5 கிராமுக்கு மேல் இருக்கும். ரத்தத்தில் உள்ள ஆல்புமினுக்கும் நீரில் உள்ளதற்கும் உள்ள வித்தியாசம் 1.1-க்குக் கீழே இருந்தால், கல்லீரல் சுருக்கத்தாலோ இதயத்தாலோ வந்த நீர் இல்லை, சவ்விலேயே ஏதோ நோய் என்று பொருள். இதற்கு அதே நாளில் ரத்தமும் எடுத்திருக்க வேண்டும், இதை மறந்துவிடுகிறவர்கள் நிறைய. நான்காவது ஏடிஏ என்ற நொதி. லிட்டருக்கு 39 யூனிட் அளவைத் தாண்டினால் டிபிக்கு வலுவான ஆதாரம். செலவும் குறைவு, சாதாரண லேபிலேயே செய்யலாம். ஆனால் லிம்போமாவிலும், நீரில் சீழ் பிடித்தாலும் ஏடிஏ ஏறும். அதனால் புற்றுநோய் அணு இருக்கிறதா என்று அதே நீரைப் பார்க்கவும் அனுப்ப வேண்டும்.

8. "அப்பாவுக்குக் குடியால கல்லீரல் சுருங்கியிருக்கு. இப்ப தண்ணி கூடிடுச்சு, காய்ச்சலும் விடல. ஏடிஏ 33தான், அதனால டிபி இல்லன்னு விட்டுடலாமா?"

விட்டுவிடக் கூடாது. கல்லீரல் சுருங்கியவருக்கு நீரில் புரதமே குறைவு, அதனால் ஏடிஏயும் தாழ்ந்தே காட்டும். ஆல்புமின் வித்தியாசமும் 1.1-க்கு மேலேயே நிற்கலாம். முந்தைய பதிலில் சொன்ன எண்கள் அவரிடம் அப்படியே செல்லாது. காய்ச்சலும் இருந்து, லிம்போசைட்டும் கூடியிருந்தால் 33-ஐ அலட்சியம் செய்யாமல் லேப்ராஸ்கோபி (வயிற்றில் சிறு துளை போட்டுக் கேமராவை விட்டுப் பார்ப்பது) வரை யோசிக்க வேண்டும். அவருக்கு டிபி மருந்து கொடுப்பதே தனிப் பிரச்சினை. ஐசோனியசிட், ரிஃபாம்பிசின், பைராசினமைடு மூன்றுமே கல்லீரலைத் தாக்கக்கூடியவை, நல்ல கல்லீரல் உள்ளவருக்கே எல்எஃப்டி என்ற கல்லீரல் ரத்தப் பரிசோதனை பார்த்துத்தான் கொடுக்கிறோம். ஆகவே இவர் விஷயத்தில் நோயை உறுதி செய்வது மற்ற எவரையும்விட முக்கியம்.

9. "ஜீன்எக்ஸ்பர்ட் நெகட்டிவ்னு வந்துடுச்சு. அப்ப டிபி இல்லதானே?"

இதைத்தான் அதிகமாகக் கேட்கிறார்கள். ஜீன்எக்ஸ்பர்ட்டும், கோவா நிறுவனத்தின் ட்ரூநாட்டும் கிருமியின் மரபணுவைத் தேடும் டெஸ்டுகள். சில மணி நேரத்தில் முடிவு வந்துவிடும், ரிஃபாம்பிசின் கேட்குமா கேட்காதா என்பதும் தெரிந்துவிடும். பாசிட்டிவ் வந்தால் நம்பலாம். சிக்கல் நெகட்டிவில். சளியில் கிருமி கோடிக்கணக்கில் இருக்கும், வயிற்று நீரிலும் குடல் திசுவிலும் அங்கொன்றும் இங்கொன்றுமாகத்தான் இருக்கும். கல்ச்சரில், அதாவது லேபில் கிருமியை வளர்த்துப் பார்க்கும் முறையில், கிருமி வளர்ந்தவர்களை மட்டும் எடுத்துக்கொண்டாலும், வயிற்று நீரில் ஜீன்எக்ஸ்பர்ட் பத்தில் ஆறு பேர் அளவுக்கே பிடிக்கிறது. நீரைக் கண்ணாடியில் தடவி மைக்ராஸ்கோப்பில் தேடினால் நூற்றில் மூன்று நான்கு பேருக்குத் தெரிந்தாலே அதிகம்.

கல்ச்சருக்குப் பொறுமை வேண்டும். திரவ முறையில் ஆறு வாரம், பழைய திட முறையில் எட்டு வாரம் வரை ஆகும். அதுவும் எல்லோருக்கும் வளராது. இன்னொன்று: வயிற்றுப்போக்குக்கு மெடிக்கலில் கேட்டதும் கொடுக்கிற ஓஃப்ளாக்சசின் கலந்த மாத்திரை டிபி கிருமியையும் கொஞ்சம் அடிக்கும். தொந்தரவு பாதி குறையும், கல்ச்சர் நெகட்டிவ் ஆகும், நோய் உள்ளேயே இருக்கும். சமீபத்தில் என்னென்ன மாத்திரை சாப்பிட்டீர்கள் என்பதை அட்டையோடு கொண்டுவந்து காட்டுங்கள்.

10. "சதை வெட்டி எடுத்தா நோய் பரவிடாதா? எடுத்தே ஆகணுமா?"

பரவாது. நோய் குடலுக்குள் என்றால் ஆசனவாய் வழியாகக் கேமராக் குழாயை விடும் கொலோனோஸ்கோபி செய்து சிறுகுடல் முனை வரை உள்ளே போய்ப் பார்த்து, புண்ணின் ஓரத்திலிருந்தும் அடியிலிருந்தும் அரிசி அளவுக்கும் சிறிய துண்டுகள் பல எடுப்போம். ஒன்றிரண்டு போதாது, டிபியின் அடையாளமான கிரானுலோமா (அழற்சி அணுக்கள் திரண்ட நுண்ணிய முடிச்சு) குடல் சுவரில் கொஞ்சம் ஆழத்தில் இருக்கும், சிலதில்தான் கிடைக்கும். நோய் சவ்வில் என்றால் லேப்ராஸ்கோபி. கேமராவை விட்டதும் சவ்வு முழுக்க வெள்ளை வெள்ளையாகத் தினை அளவு முடிச்சுகள் தெரியும், பழகிய கண்ணுக்கு அந்தக் காட்சியே பெரும்பாலும் போதும். ஆனாலும் துண்டு எடுத்து அனுப்பித்தான் முடிவு சொல்ல வேண்டும்.

ஒரு விஷயத்தைக் கொஞ்சம் சத்தமாகவே சொல்லத் தோன்றுகிறது. துண்டுகள் இரண்டு பாட்டிலில் போக வேண்டும். ஃபார்மலின் ஊற்றிய பாட்டில் திசுவை மைக்ராஸ்கோப்பில் பார்க்கும் பேத்தாலஜிக்கு. இன்னொன்று வெறும் சலைன், அது கல்ச்சருக்கும் ஜீன்எக்ஸ்பர்ட்டுக்கும். ஃபார்மலின் கிருமியைக் கொன்றுவிடும், அதில் போட்டதை வைத்துக் கல்ச்சர் வைக்கவே முடியாது. அறுவை அரங்கில் தட்டில் எப்போதும் தயாராக இருப்பது ஃபார்மலின் பாட்டில், அவசரத்தில் எல்லாத் துண்டும் அதற்குள் விழுந்துவிடும். அப்புறம் மருந்து கேட்காமல் போகும்போது எந்த மருந்துக்கு எதிர்ப்பு என்று பார்க்கக் கையில் கிருமி இருக்காது. வீட்டார் "கல்ச்சருக்கும் அனுப்புறீங்களா டாக்டர்?" என்று முன்கூட்டியே கேட்பதில் தவறே இல்லை. யாரும் கோபித்துக்கொள்ள மாட்டார்கள், கோபித்தாலும் பரவாயில்லை.

11. "என் தங்கச்சிக்கு சிஏ 125 முந்நூறுக்கு மேல. கர்ப்பப்பைக்குப் பக்கத்துல கட்டி, தண்ணி. கேன்சர்னு சொல்லிட்டாங்க."

சினைப்பை புற்றுநோய்க்குப் பார்க்கும் அந்த அளவு, வயிற்றுச் சவ்வில் டிபி இருந்தாலும் ஏறும். சில நேரம் ஆயிரத்தையும் தாண்டும். நீர், சவ்வு தடிப்பு, சினைப்பையில் கட்டி, எடைக் குறைவு என்று ஸ்கேனிலும் இரண்டும் ஒன்று போலவே தெரியும். வயது குறைந்த பெண்ணுக்கு, நம் ஊரில், திசு பார்க்காமல் இந்த எண்ணை வைத்து மட்டும் புற்றுநோய் என்று முடிவு கட்டக்கூடாது. கர்ப்பப்பை, சினைப்பையை எடுக்கும் பெரிய அறுவைக்குள் போன பிறகு டிபி என்று தெரிந்தால் இழந்தது திரும்ப வராது. முதலில் நீரில் ஏடிஏயும் புற்றணுவும், அப்புறம் லேப்ராஸ்கோபி வழியாகத் துண்டு எடுத்துப் பார்க்கும் பயாப்ஸி. அதேபோல், ஏடிஏ கூடியிருக்கிறது என்று நிம்மதியாகிப் புற்றுநோயை விட்டுவிடவும் கூடாது.

12. "ஒருத்தர் குடல் டிபிங்கிறார், இன்னொருத்தர் க்ரோன்ஸ்ங்கிறார். யாரை நம்பறது?"

இருவரும் நேர்மையாகச் சொல்கிறார்கள் என்றே எடுத்துக்கொள்ளுங்கள். க்ரோன்ஸ் என்பது கிருமி தொற்றாமல் குடலில் நீண்ட காலம் நீடிக்கும் ஓர் அழற்சி நோய். அமெரிக்காவில் 1932-இல் க்ரோனும் அவரது கூட்டாளிகளும் இந்த நோயை விவரித்தபோதே டிபியிலிருந்து அதைப் பிரிப்பது பெரிய வேலையாக இருந்தது, இன்றும் நம் நாட்டில் குடல் மருத்துவரைத் திணற வைப்பது இதுதான். இரண்டும் ஒரே இடத்தில் வரும், இரண்டிலும் புண், சுருக்கம், கிரானுலோமா உண்டு.

சாய்வு காட்டும் அடையாளங்கள் உண்டு. குறுக்கே ஓடும் புண், வாய் பிளந்து நிற்கும் குடல் வால்வு, அழுகிய நெறிக்கட்டி, காய்ச்சல், நீர், பெரிதாக ஒன்றோடொன்று சேர்ந்து நடுவில் அழுகிய கிரானுலோமா, இவை டிபி பக்கம். நீளவாக்கில் புண், விட்டு விட்டு நீண்ட தூரத்துக்குப் பாதிப்பு, ஆசனவாய்ப் பவுத்திரம், மலத்தில் ரத்தம், வருடக்கணக்கில் வந்து வந்து போவது, இவை க்ரோன்ஸ் பக்கம். எல்லாம் ஒரே பக்கம் சேர்ந்தால் நிம்மதி. பாதிக்குப் பாதி நின்றால்தான் பாடு.

தவறாகப் போனால் விளைவு இரண்டு பக்கமும் ஒன்றல்ல. டிபி உள்ளவருக்கு க்ரோன்ஸ் என்று நினைத்து ஸ்டீராய்டோ இன்ஃப்ளிக்ஸிமாப் போன்ற ஊசியோ கொடுத்தால் கிருமி உடம்பு முழுக்கப் பரவி உயிருக்கே ஆபத்தாகலாம். க்ரோன்ஸ் உள்ளவருக்கு டிபி மருந்து கொடுத்தால் மாதங்கள் வீணாகும், குடல் மேலும் சுருங்கும். முதலாவது இன்னும் மோசம் என்பதால், பிரிக்கவே முடியாதபோது டிபி மருந்தை முதலில் கொடுத்துப் பார்ப்பது இங்கே வழக்கம்.

13. "அப்ப எதுக்கு இவ்வளவு டெஸ்ட்? எடுத்ததுமே மாத்திரையைக் குடுத்துப் பார்த்தா தெரிஞ்சுடாதா?"

மேலே சொன்னது எல்லாப் பரிசோதனையும் முடிந்த பிறகு எடுக்கும் முடிவு. பரிசோதனைக்குப் பதிலாகக் கொடுத்துப் பார்ப்பது வேறு சங்கதி. மருந்து உள்ளே போனதும் கல்ச்சரில் கிருமி கிடைப்பது கடினம், அப்புறம் எதையும் உறுதி செய்ய முடியாது. லிம்போமாவோ குடல் புற்றுநோயோ இருந்தால் அந்த இரண்டு மூன்று மாதம் மிகவும் விலை உயர்ந்தது. மருந்து கேட்காத வகை டிபியாக இருந்தால் அதுவும் தெரியாமல் போகும்.

14. "ரெண்டு மாசம் சாப்பிட்டேன், வலி இல்ல, நாலு கிலோ ஏறிடுச்சு. ஏன் திரும்பக் கொலோனோஸ்கோபி?"

மகிழ்ச்சிதான். ஆனால் க்ரோன்ஸ் உள்ளவர்களிலும் கணிசமானோருக்கு டிபி மருந்தில் ஆரம்பத்தில் தொந்தரவு குறையும், அதனால் "நல்லாயிருக்கு" என்பது மட்டும் சாட்சி ஆகாது. புண் ஆறியதா என்று கண்ணால் பார்ப்பதுதான் சாட்சி. டிபி புண் இரண்டு மூன்று மாதத்தில் பெரும்பாலும் ஆறிவிடும். க்ரோன்ஸ் புண் ஆறுவது அரிது. கிருமி கிடைக்காமல் மருந்து ஆரம்பித்த ஒவ்வொருவருக்கும் இந்த இரண்டாவது கொலோனோஸ்கோபி நோயைக் கண்டுபிடிக்கும் வேலையின் பாதி. அதைத் தவிர்த்துவிட்டு ஆறு மாதம் முடித்தவர்களுக்குப் பின்னால் மறுபடி வலி வரும்போது, என்ன நோய் இருந்தது என்று யாராலும் சொல்ல முடிவதில்லை.

15. "மருந்து சாப்பிட்டுக்கிட்டே இருக்கும்போது நெறிக்கட்டி பெருசாயிடுச்சு. இன்னொருத்தருக்குத் திரும்ப அடைப்பு வந்துச்சு. டிபி இல்லையோ?"

இரண்டுமே டிபியிலும் நடக்கும். கிருமி சாகும்போது உடம்பின் எதிர்ப்பு வேகம் கூடி நெறிக்கட்டி தற்காலிகமாக வீங்கலாம். எச்ஐவி மருந்தும் சேர்த்து ஆரம்பித்தவர்களுக்கு இது இன்னும் அதிகம். எடை ஏறுகிறதா, காய்ச்சல் விட்டதா என்பதைச் சேர்த்துப் பார்க்க வேண்டும். அடைப்பு விஷயத்தில், புண் ஆறும்போது தழும்பு விழுந்து குடல் இன்னும் குறுகலாம். நோய் போனாலும் சுருக்கம் பலருக்கு அப்படியே நிற்கும். அதைப் பலூன் வைத்து விரிப்பதா, அறுவையா என்று பார்க்க வேண்டும், டிபி மருந்தை நீட்டுவதால் தழும்பு கரையாது. இவை எதுவும் பொருந்தவில்லை என்றால் மறுபடி பயாப்ஸி, மறுபடி கல்ச்சர்.

16. "எல்லா ரிப்போர்ட்டும் நெகட்டிவ் சார், ஆள் இளைச்சுக்கிட்டே போறார். எப்ப தைரியமா ஆரம்பிக்கலாம்?" (ஒரு ஹவுஸ் சர்ஜன்)

கிருமி கிடைக்காமலே மருத்துவர் முடிவின் பேரில் டிபி என்று பதிவு செய்ய அரசுத் திட்டத்திலேயே இடம் உண்டு. வயிற்று டிபியில் நிறையப் பேர் அப்படித்தான் மருந்து பெறுகிறார்கள். ஆரம்பிக்கும் முன் உங்களை நீங்களே கேளுங்கள்: நீரோ திசுவோ எடுத்தாயிற்றா, சலைனில் போனதா, லிம்போமாவையும் புற்றுநோயையும் பேத்தாலஜிஸ்டோடு உட்கார்ந்து பேசினீர்களா, எட்ட முடியாத இடம் என்றால் லேப்ராஸ்கோபியை யோசித்தீர்களா. ஆமாம் என்றால், கல்ச்சருக்காக ஆறு வாரம் காத்திருந்து ஆளை இழக்க வேண்டாம், ஆரம்பியுங்கள். எச்ஐவி, சர்க்கரை, எல்எஃப்டி, எடை, எதாம்பியூட்டால் கொடுப்பதால் கண் பார்வை, இவற்றை அன்றே குறித்துவிடுங்கள். 2012 முதல் தனியார் மருத்துவமனையாக இருந்தாலும் அரசுக்குத் தெரிவிப்பது கட்டாயம். பதிவு செய்தால் மருந்து இலவசம், சத்துணவுக்கு மாதம் 1000 ரூபாயும் நோயாளிக்கு வரும்.

கேஸ் ஷீட்டில் எந்த ஆதாரத்தை வைத்து ஆரம்பித்தோம், எந்தத் தேதியில் திரும்பப் பார்ப்போம் என்று இரண்டு வரி எழுதுங்கள், நீங்கள் போஸ்டிங் மாறிப் போன பிறகு வருகிறவருக்கு அது மட்டும்தான் துணை. வழக்கமான சிகிச்சை ஆறு மாதம். இரண்டு மாதத்தில் எடையும் ஏறவில்லை, புண்ணும் ஆறவில்லை என்றால் "இன்னும் மூணு மாசம் சேர்த்துக் குடுத்துப் பாப்போம்" என்று ஒன்பதுக்கு இழுக்காதீர்கள். மருந்தை ஒழுங்காகச் சாப்பிட்டாரா என்று கேட்டுவிட்டு, க்ரோன்ஸ், லிம்போமா, மருந்து கேட்காத டிபி மூன்றையும் புதிதாகத் தேடுங்கள். வயிற்றைத் திறக்க வேண்டி வந்தால் அறுவைக்கு முன்பே அரங்கில் சொல்லி சலைன் பாட்டிலை எடுத்து வைக்கச் சொல்லுங்கள்.